கிறிஸ்துமஸ் க்விஸும் குலுக்கலும்: முதன்முறை நடத்துபவருக்கு

டிசம்பர் பிறந்ததும் ஏதாவது ஒரு ஆன்லைன் குழுவில் யாராவது ஆரம்பிப்பார்: "நாமும் ஒரு கிறிஸ்துமஸ் க்விஸ் வைக்கலாமே, ஜெயிக்கிறவங்களுக்குப் பரிசும் கொடுக்கலாமே." உடனே பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். யார் நடத்துவது என்று கேட்டதும் குழு கப்சிப். அந்த அமைதியில், "சரி, நான் பார்த்துக்கறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டவருக்காக இதை எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் நடத்தியது பத்தே கேள்விகள். நான்காவது கேள்வி, "குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் எத்தனை பேர்?" மூன்று என்று விடை வைத்திருந்தேன். முடிவை அறிவித்து, வாழ்த்துகள் கொட்டித் தீர்ந்த பிறகு ஒருவர் நிதானமாக வந்தார். "மத்தேயுவில் எண்ணிக்கையே இல்லையே, காணிக்கைதானே மூன்று?" என்றார். எடுத்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. அந்தக் கேள்வியை நீக்கினேன். மதிப்பெண் மாறியது, முதலிடம் வேறொருவருக்குப் போனது. முதலில் வாழ்த்து வாங்கியவர் சத்தமில்லாமல் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். அன்றிலிருந்து என் நேரத்தில் முக்கால்வாசி விடைத்தாளுக்கே போகிறது. அறிவிப்புப் படம், அலங்காரம், பரிசு எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

நாளைக் குறிப்பது

25ஆம் தேதியன்று வைக்காதீர்கள். அன்று கொண்டாடுகிறவர்கள் குடும்பத்தோடு இருப்பார்கள், கொண்டாடாதவர்கள் விடுமுறையில் இருப்பார்கள். 18க்கும் 22க்கும் இடையில் ஒரு நாள் நல்லது. பரிசு ஒரு பொருளாக இருந்து தபாலில் போக வேண்டும் என்றால் இன்னும் ஒரு வாரம் முன்னதாக.

நேரத்தில்தான் பலர் இடறுகிறார்கள். "24ஆம் தேதி இரவு 12 மணி வரை" என்று எழுதினால், 24 பிறக்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்று பாதிப்பேருக்குக் குழப்பம். "இரவு 11.59" என்று எழுதிவிட்டால் அந்தச் சந்தேகம் தீரும். உறுப்பினர்கள் பல நாடுகளில் இருந்தால் எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உலகத்தில் முதலில் கிறிஸ்துமஸ் பிறப்பது உலகப் பொது நேரத்துக்கு 14 மணி நேரம் முந்தி ஓடும் கிரிபாட்டி நாட்டுத் தீவுகளில். கடைசி மூலை 12 மணி நேரம் பிந்தி நிற்கிறது. கூட்டிப் பார்த்தால் பூமியில் எங்கோ ஓரிடத்தில் 25ஆம் தேதியாக இருக்கும் நேரம் மொத்தம் 50 மணி. (அப்படி முந்தும் தீவுகளில் ஒன்றின் பெயர் கிரிதிமதி என்று எழுதப்படும், உச்சரிப்பு கிட்டத்தட்ட "கிறிஸ்மஸ்". இதையே ஒரு கேள்வியாக வைக்கலாம்.)

குழு ரொம்பவே சிதறியிருந்தால் ஒரே நாளில் நடத்தும் யோசனையை விட்டுவிடுங்கள். டிசம்பர் 1 முதல் 24 வரை தினம் ஒரு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 24 மணி நேர அவகாசம். வேலை கூடுதல்தான், ஆனால் யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பரிசு

சின்னதாக இருப்பதே நல்லது. பரிசு பெருத்தால் க்விஸ் பரீட்சையாகிவிடும், நீங்கள் கண்காணிப்பாளராகிவிடுவீர்கள். ஒரே பெரிய பரிசைவிட நான்கைந்து சிறிய பரிசுகள் குழுவைக் கலகலப்பாக்கும்.

கிஃப்ட் கார்டு கொடுப்பதாக இருந்தால் ஜெயித்தவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். ஒரு நாட்டுக் கடைக்கென வாங்கிய கார்டு, அதே நிறுவனத்தின் இன்னொரு நாட்டுத் தளத்தில் பெரும்பாலும் செல்லாது. அவசரப்பட்டு முன்கூட்டியே வாங்கி வைத்து ஒருமுறை நான் மாட்டிக்கொண்டேன். ஜெயித்தவர் வேறு கண்டத்தில் இருந்தார். கார்டைக் கடைசியில் என் செலவுக்கே வைத்துக்கொண்டு, அவருக்குப் புதிதாக ஒன்று வாங்கினேன்.

காசு வாங்கும் எண்ணமே வேண்டாம். கட்டணம், அதிர்ஷ்டம், பரிசு மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் பல நாடுகளின் சட்டம் அதை லாட்டரி என்றே பார்க்கும். "ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பரிசு வாங்கலாம், போட்டவர்கள் மட்டும் குலுக்கலில்" என்று யாராவது நல்ல மனதோடு சொல்வார்கள், அதுவும் இதே கதைதான். விரும்புகிறவர்கள் பரிசை நன்கொடையாகத் தரட்டும். கலந்துகொள்வது எல்லோருக்கும் இலவசமாக இருக்கட்டும். கனடாவில் வெறும் அதிர்ஷ்டத்தை வைத்துப் பரிசு கொடுப்பதில் சட்டச் சிக்கல் இருப்பதால், குலுக்கலில் பெயர் வந்தவரிடம் ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்லும் வழக்கமே உண்டு. உங்கள் ஊர் விதி என்ன என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக்கில் நடத்தினால் இன்னொன்று: "உங்கள் டைம்லைனில் பகிர்ந்தால்தான் போட்டியில் சேர்த்தி" என்று நிபந்தனை வைக்க அந்தத் தளத்தின் விதிகள் இடம் கொடுப்பதில்லை.

கேள்விகள்

பதினைந்து போதும். இருபதைத் தாண்டினால் பாதியில் கழன்றுகொள்வார்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கு எல்லோரும் விடை சொல்லிவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் அங்கேதான் "நமக்கும் தெரியும்போல" என்று உட்காருவார். நடுவில் ஏழெட்டு யோசிக்க வைக்கட்டும். கடைசி மூன்று கடினமானவை.

எல்லாவற்றையும் வேதாகமத்திலிருந்து எடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே கோடு விழுந்துவிடும். எல்லா மதத்தாரும் இருக்கிற குழுவில் நான்கு கேள்விகள் அங்கிருந்து, மற்றவை வரலாறு, இசை, அறிவியல், ஊர்ப்பெயர் என்று பரவட்டும்.

நான் சோதித்துப் பயன்படுத்திய சில:

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3ஆம் தேதி அனுப்பப்பட்டது. அதில் என்ன எழுதியிருந்தது? "மெர்ரி கிறிஸ்மஸ்". ஆன்லைன் குழுவில் இதைவிடப் பொருத்தமான கேள்வி எனக்குக் கிடைத்ததில்லை.

விண்வெளியில் முதன்முதலில் இசைக்கருவி கொண்டு வாசிக்கப்பட்ட பாட்டு எது? ஜிங்கிள் பெல்ஸ். 1965 டிசம்பர் 16 அன்று ஜெமினி 6 விண்கலத்தில் இருந்த இரு வீரர்கள், வடக்கிலிருந்து தெற்கே ஏதோ ஒரு பொருள் போவதாகத் தரைக்கட்டுப்பாட்டு நிலையத்திடம் சொல்லிப் பதற வைத்துவிட்டு, ஒளித்து எடுத்துப்போன மவுத் ஆர்கனையும் மணிகளையும் எடுத்து வாசித்தார்கள். அதே பாட்டின் வரிகளில் கிறிஸ்துமஸ் என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று இன்னொரு கேள்வி போடலாம். ஒருமுறைகூட வராது. 1857இல் வெளியானபோது அதன் தலைப்பே வேறு, ஒற்றைக் குதிரை பூட்டிய பனிவண்டியைப் பற்றியது.

கிறிஸ்துமஸ் மரத்தில் முதன்முதலில் மின்விளக்கு போட்டவர், 1882இல், எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன். எத்தனை விளக்குகள்? 80. இதைச் சமநிலை முறிக்கும் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். யார் சொன்ன எண் நெருக்கமோ அவர் முன்னால்.

தமிழில் "ஒப்பில்லாத் திரு இரா" என்று பாடுகிறார்களே, சைலண்ட் நைட், அது முதலில் பாடப்பட்டது எந்த நாட்டில்? ஆஸ்திரியா, சால்ஸ்பர்க் அருகே ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூர், 1818 டிசம்பர் 24. இந்தப் பாட்டைப் பற்றி ஒரு கதை ஓடுகிறது: ஆலயத்து ஆர்கனை எலி கடித்துவிட்டதால் கிதார் வைத்துப் பாடினார்கள் என்று. கிதார் உண்மை. எலி பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது, ஆதாரம் கிடையாது. "ஆர்கன் ஏன் பழுதானது?" என்று கேட்டீர்கள் என்றால் வம்பு உங்கள் வீட்டு வாசலில்.

கிறிஸ்துமஸில் இப்படிப்பட்ட கதைகள் ரொம்பவே அதிகம். மரத்தில் முதலில் மெழுகுவர்த்தி வைத்தவர் மார்ட்டின் லூதர் என்பார்கள், அதற்கும் ஆதாரம் இல்லை. சாண்டாவுக்குச் சிவப்பு உடை மாட்டியது கோக கோலா என்பார்கள். அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற சாண்டா ஓவியங்கள் 1931இல் தொடங்கியவை. சிவப்பு உடுத்திய சாண்டா அதற்கு முன்பே அச்சில் வந்தாயிற்று. இவற்றை "சரியா, தவறா?" வடிவில் கேட்டால் வம்பே விருந்தாகிவிடும். சாண்டாவின் மூலக்கதைக்குரிய புனித நிக்கோலஸ் மிராவின் ஆயர். அந்த இடம் இன்று எந்த நாட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். பனிப்பிரதேசத்து விடைகள் வரிசையாக வரும். சரியானது துருக்கி.

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை நாடாளுமன்றமே தடை செய்த காலம் ஒன்று உண்டு, 1647இல். "எங்கே, யார் தடை செய்தார்கள்?" என்றால் யாரும் நினைக்காத விடை.

இனி விடைத்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: விடை, அதை எங்கே சரிபார்த்தீர்கள், வேறு எந்த விடைகளை ஏற்பீர்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தமிழில் நடத்தினால் இது கட்டாயம். காணிக்கை மூன்றும் என்ன என்று கேட்கிறீர்கள். பழைய மொழிபெயர்ப்பில் வளர்ந்தவர் "பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம்" என்பார். கத்தோலிக்கர் பெரும்பாலும் படிக்கும் பொது மொழிபெயர்ப்பில் தூபவர்க்கம் இருந்த இடத்தில் சாம்பிராணி இருக்கும். இருவரும் சரி. குழந்தையைக் கிடத்திய இடம் ஒருவருக்கு முன்னணை, இன்னொருவருக்குத் தீவனத்தொட்டி. வந்தவர்களே ஒன்றில் சாஸ்திரிகள், மற்றதில் ஞானிகள். கம்ப்யூட்டர் திருத்தும் படிவத்தில் இதில் ஒன்றை மட்டும் கொடுத்து வைத்திருந்தால் பாதிக் குழு தோற்கும், அதுவும் சபை வாரியாகத் தோற்கும். பிறகு நீங்கள் தூங்கினாற்போலத்தான். எழுதும் விடையைக் குறைத்து நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளாக வைப்பது இதனால்தான்.

தேதிகளிலும் இதே மாதிரி. ஐசக் நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25 என்று ஒரு புத்தகம் சொல்லும், 1643 ஜனவரி 4 என்று இன்னொன்று சொல்லும். பழைய ஜூலியன் நாட்காட்டிக்கும் இன்றைய நாட்காட்டிக்கும் உள்ள பத்து நாள் வித்தியாசம்தான் அது. கேள்வியிலேயே "அப்போது இங்கிலாந்தில் இருந்த நாட்காட்டிப்படி" என்று நான்கு சொல் சேர்த்தால் தகராறு இல்லை. ரஷ்யாவில் ஜனவரி 7 அன்று கிறிஸ்துமஸ் வருவதும் இதே நாட்காட்டிக் கணக்கால்தான். இன்றைக்கு அந்த வித்தியாசம் 13 நாள். கிறிஸ்துமஸ் தீவு எங்கே என்று கேட்டால் இரண்டு இருக்கின்றன என்று ஒருவர் எழுந்திருப்பார்: 1643 கிறிஸ்துமஸ் அன்று பெயர் பெற்றது இந்தியப் பெருங்கடலில், இப்போது ஆஸ்திரேலியாவின் ஆட்சிக்குட்பட்டது. 1777இல் ஜேம்ஸ் குக் பெயர் வைத்தது பசிபிக்கில், மேலே சொன்ன அந்தக் கிரிதிமதி.

எழுதி முடித்ததும் போட்டியில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் கொடுத்து, விடையைப் பார்க்காமல் போடச் சொல்லுங்கள். அவர் எங்கே "இதுக்கு ரெண்டு பதில் வருதே" என்று தலையைச் சொறிகிறாரோ, அந்தக் கேள்வியை மாற்றுங்கள். வாதாடாதீர்கள், உங்களுக்குத் தெளிவாக இருப்பது அந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவாது.

தேடிப் பார்த்து எழுதுவார்களே?

எழுதுவார்கள். தடுக்க முடியாது. கேள்வியை அப்படியே ஏஐ செயலியில் ஒட்டினால் ஐந்து நொடியில் பதில். கேள்விக்கு இருபது நொடி என்று வைத்தால் தேடுகிறவர்களோடு மெதுவாக டைப் செய்கிற பெரியவர்களும் அடிபடுவார்கள், நெட் மெதுவாக இருப்பவர்களும் அடிபடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. மூன்று கேள்விகளைக் குழுவின் கதையிலிருந்தே எடுத்துவிடுங்கள்: போன டிசம்பரில் குடிலின் படத்தை முதலில் போட்டவர் யார், எல்லோரையும் சிரிக்க வைத்த அந்த எழுத்துப்பிழை எது, இந்த மாதிரி. எந்தத் தேடுபொறிக்கும் தெரியாது. புதியவர்கள் பழைய உரையாடலைப் புரட்டிப் பார்ப்பார்கள், அதுவும் லாபம்தான்.

எதில் நடத்துவது

வாட்ஸ்அப் வாக்கெடுப்பு கையருகில் இருக்கிறது, ஆனால் க்விஸுக்கு உதவாது. யார் எதைத் தேர்ந்தார் என்று மற்றவர்கள் பார்த்துவிட்டுத் தங்கள் தேர்வை மாற்றிக்கொள்ளலாம். விளையாட்டுக்கு ஒரு கேள்வி என்றால் சரி, பரிசு இருந்தால் வேண்டாம். டெலிகிராமில் க்விஸ் வகை வாக்கெடுப்பு உண்டு, அதில் ஒருமுறை தொட்டால் தொட்டதுதான். நேரலையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தால் கஹூட் மாதிரியான செயலிகள் கலகலப்பு. அங்கே வேகத்துக்கும் மதிப்பெண் என்பதை மறக்க வேண்டாம்.

பெரும்பாலானவர்களுக்கு கூகுள் ஃபார்ம் போதும். அமைப்புகளில் க்விஸாக மாற்றுங்கள். பிறகு ஒரு முக்கியமான இடம்: மதிப்பெண்ணை எப்போது வெளியிடுவது என்ற தேர்வு, நீங்கள் மாற்றாவிட்டால், விடையை அனுப்பிய உடனே காட்டுவதாக இருக்கும். முதலில் முடித்தவர் சரியான விடைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பருக்கு அனுப்பினால் போட்டி அங்கேயே முடிந்தது. "பின்னர், சரிபார்த்த பிறகு" என்பதற்கு மாற்றுங்கள். ஒருவருக்கு ஒரு முறை மட்டும் என்பதையும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அதற்குக் கலந்துகொள்பவரிடம் கூகுள் கணக்கு இருக்க வேண்டும். குழுவில் எந்தப் பெயரில் இருக்கிறார் என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். "லட்டு", "சிங்கக்குட்டி" என்ற பெயர்களில் இருப்பவர்களைப் பிறகு அடையாளம் காண்பது பெரும்பாடு. லிங்க்கை அனுப்பும் முன் வேறொரு போனிலிருந்து நீங்களே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள், பிறகு அந்தச் சோதனைப் பதிலை அழியுங்கள். அழிக்க மறந்து, நானே என் குலுக்கல் பட்டியலில் இருந்திருக்கிறேன்.

விதி அறிவிப்பு

நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். நான் போடுவது கிட்டத்தட்ட இவ்வளவுதான்:

"கேள்விகள் 15. படிவம் திறப்பது 20ஆம் தேதி காலை 9, மூடுவது 21ஆம் தேதி இரவு 11.59 (இந்திய நேரம்). ஒருவருக்கு ஒரு முறை. அதிக மதிப்பெண் எடுத்தவருக்கு ஒரு பரிசு. சமன் என்றால் கடைசிக் கேள்வியில் நெருங்கியவருக்கு. எட்டும் அதற்கு மேலும் எடுத்த மற்ற எல்லோரின் பெயரும் குலுக்கலில், அதில் மூன்று பரிசு. அட்மின்களும் கேள்வி தயாரித்தவர்களும் கலந்துகொள்ள முடியாது. விடைகள் வெளியான பின் மறுப்பு சொல்ல 24 மணி நேரம். அதன் பிறகே பரிசு உறுதி. பரிசுக்காக யாரிடமும் பணமோ ஓடிபியோ கேட்க மாட்டோம்."

மறுப்புக்கான அந்த 24 மணி நேரம், ஞானிகள் கற்றுக்கொடுத்தது. முதலில் விடைகள், பிறகு மறுப்பு, கடைசியில்தான் பெயர்கள். மறுப்பு சரி என்றால் கேள்வியை எல்லோருக்கும் நீக்குங்கள் அல்லது எல்லோருக்கும் மதிப்பெண் கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் சலுகை கூடாது.

முழுப் பரிசையும் அதிக மதிப்பெண்ணுக்கே கொடுக்காமல் குலுக்கலுக்கு ஒதுக்கியதைச் சிலர் குறை சொல்வார்கள். சொல்லட்டும். எல்லாக் குழுவிலும் எதைக் கேட்டாலும் தெரிந்த இரண்டு பேர் இருப்பார்கள்; அவர்களுக்கு மட்டுமான போட்டி என்றால் அடுத்த வருடம் அந்த இரண்டு பேர்தான் வருவார்கள்.

குலுக்கல்

தகுதி பெற்றவர்களின் பெயர்களை எண் போட்டு வரிசைப்படுத்தி, குலுக்கலுக்கு முன்பே குழுவில் போடுங்கள். பிறகு வரிசையைத் தொடாதீர்கள். ரேண்டம் டாட் ஆர்க் தளத்தில் எண் எடுக்கலாம். வளிமண்டல இரைச்சலிலிருந்து எண்களை உருவாக்குகிற தளம் அது, 1998 முதல் இருக்கிறது. வீடியோ அழைப்பில் திரையைக் காட்டியபடி செய்யுங்கள். தளமெல்லாம் வேண்டாம் என்றால் சீட்டெழுதிப் பாத்திரத்தில் போட்டு, குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லி நேரலையில் காட்டலாம், பார்க்க அதுதான் அழகு. மூன்று பரிசுக்கு ஐந்து பெயர் எடுங்கள். கடைசி இரண்டும் காத்திருப்போர். ஜெயித்தவர் மூன்று நாளில் தொடர்பு கொள்ளாவிட்டால் அவர்களுக்கு.

பெயர் அறிவித்த பிறகு

இந்த நேரத்துக்காகவே சிலர் காத்திருப்பார்கள். அட்மினின் படத்தையும் பெயரையும் போட்டு ஒரு புதுக்கணக்கு, ஜெயித்தவருக்குத் தனிச்செய்தி: "வாழ்த்துகள், அனுப்பும் செலவுக்கு மட்டும் கொஞ்சம் போடுங்கள்." விதியில் முன்பே சொல்லியிருந்தாலும், பெயர்களை அறிவிக்கும் அதே செய்தியில் இன்னொரு முறை சொல்லுங்கள். ஜெயித்தவர்தான் உங்களைத் தொடர்பு கொள்ள வேண்டும், நீங்கள் அவரை அழைக்க மாட்டீர்கள் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றுபவருக்கு வழி குறுகும்.

முகவரியைப் படிவத்தில் எல்லோரிடமும் கேட்காதீர்கள். ஜெயித்த நான்கு பேரிடம் மட்டும், தனிச்செய்தியில். பார்சல் போய்ச் சேர்ந்ததும் அழித்துவிடுங்கள். ஜெயித்தவர் சிறுவர் என்றால் பெற்றோரிடம் பேசுங்கள்.

கேள்வித்தாளை அழிக்காதீர்கள். எந்தக் கேள்வியை எத்தனை பேர் தவறவிட்டார்கள் என்று ஃபார்மே காட்டும். எல்லோரும் தவறவிட்ட கேள்வியின் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்; கேள்வி கடினமா, நாம் கேட்ட விதம் கோணலா என்று ஜனவரியில் ஆற அமரப் பார்க்கலாம்.